சிமுலேஷனில் கப்பல் காத்திருக்கவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

உப்புக்காற்று:
இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஒரு சின்னத் துறைமுகத்தின் சேனலை (கப்பல் உள்ளே வரும் ஆழமான பாதை) அகலப்படுத்தினால் காத்திருப்பு குறையுமா என்று, அதன் கப்பல் போக்குவரத்தை பைத்தானில் SimPy என்ற சிமுலேஷன் நூலகத்தை வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். 2 பெர்த் (கப்பல் கட்டி நிற்கும் இடம்), ஒருவழிச் சேனல், அதைக் கடக்க அரை மணி. நாளைக்கு 3 கப்பல், கயிறு கட்டியதிலிருந்து அவிழ்ப்பது வரை 14 மணி நேரம். 8 மணி நேரத்துக்கு ஒரு கப்பல் என்று அனுப்பினால் காத்திருப்பு பூஜ்யம். நேரில் போய்ப் பார்த்தால் வெளியே 6, 7 கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. "அப்புறம் சேனலை எதற்கு அகலப்படுத்தணும்?" என்று கைடு கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

பைத்தான்பாண்டி:
டவுன் பஸ்கூட அப்படிச் சொன்ன நேரத்துக்கு வராது, கப்பல் வருமா ப்ரோ? இரண்டு கப்பலுக்கு நடுவிலான இடைவெளியை எக்ஸ்பொனென்ஷியலாக எடு (சில சமயம் அடுத்தடுத்து, சில சமயம் ரொம்ப நேரம் கழித்து என்று தாறுமாறாக வரும்), சராசரி 8 மணியாகவே இருக்கட்டும். பெர்த் 87.5 சதவீதம் நிரம்பியிருக்கிறது (2 பெர்த்துக்கு நாளைக்கு 48 மணி, அதில் 42), அந்த நிலையில் சராசரி காத்திருப்பு 23 மணி நேரம் வரும், வெளியே 3 கப்பல் நிற்கும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு முடிவு சொல்லாதே, பல வருடக் கணக்கில் ஓட்டு, ஆரம்பச் சில மாதங்களைத் தூக்கிப் போடு, துறைமுகம் காலியாகத் தொடங்குவதால் அந்தக் கணக்கு சரியாக இருக்காது.

நங்கூரம்:
3 சரி, மீதிக் கப்பல்கள் எங்கே என்று கேட்பாய். அதற்குக் காரணம் சேனல்தான் தம்பி. கயிறு அவிழ்த்த கப்பல் வெளியே போக அரை மணி, அது போன பிறகுதான் அடுத்ததை பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) உள்ளே கொண்டுவருவார், அது இன்னொரு அரை மணி. அந்த ஒரு மணி நேரம் பெர்த் சும்மா கிடக்கிறது. ஆக உன் 14 உண்மையில் 15, அதைப் போட்டு ஓட்டிப் பார்.

விதிகளை பைலட்டிடம் கேட்டு எழுது, வரைபடத்தில் அதெல்லாம் இருக்காது. நான் டேங்கரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் போயிருக்கிறேன். போகும் வழியில் கால்வெஸ்டன் வளைகுடாவில் அப்போது சேனல் அகலம் 530 அடிதான், எதிரே வரும் கப்பலுக்கு நேராகவே போவார்கள், நெருங்கியதும் இரண்டும் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பும், முன்முனை தள்ளும் தண்ணீரே ஒன்றை ஒன்று விலக்கிவிடும். இதற்குப் பெயர் 'டெக்சஸ் சிக்கன்' (சாப்பிடுகிற சிக்கன் இல்லை, முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சோறே இறங்கவில்லை). இரண்டு கப்பலும் ரொம்ப அகலமாக இருந்தால் சந்திக்கவே விடமாட்டார்கள், ஒன்று நிற்க வேண்டும். அந்தச் சேனலை 700 அடியாக்கும் வேலை 2022-ல் தொடங்கியது.

உப்புக்காற்று:
அண்ணே, 15 போட்டதும் காத்திருப்பு 2 நாளைத் தாண்டிவிட்டது, வெளியே சராசரியாக 7 கப்பல்! ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா? இருவழி ஆக்கி, ஒன்று புறப்படும்போதே மற்றது உள்ளே வரலாம் என்று விட்டால் 33 மணிக்கு இறங்குகிறது.

பைத்தான்பாண்டி:
பெர்த் நிரம்ப நிரம்ப அப்படித்தான் எகிறும். இரண்டு ஓட்டத்துக்கும் அதே ரேண்டம் சீடு (அதே வருகை நேரங்களைத் திரும்ப உருவாக்கும் தொடக்க எண்) கொடுத்தாயா? இல்லையென்றால் வித்தியாசம் சேனலால் வந்ததா அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று தெரியாது.

தூர்வாரி:
கைடு அடுத்து காசைக் கேட்பார். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹார்பர்சிம் மென்பொருள் இதைத்தான் செய்கிறது, மேம்பாடு இருந்தால், இல்லாவிட்டால் என இரண்டையும் ஓட்டி, கப்பல் செலவழிக்கும் நேரத்தைப் பணமாக்கி ஒப்பிடும். ஆழப்படுத்துவது வேறு கணக்கு, கப்பல் முழுப் பாரத்தோடு வரும், அதே சரக்குக்கு நாளைக்கு 3 கப்பல் தேவைப்படாமலே போகலாம். அப்புறம், கப்பல் அந்த வளைவில் திரும்புமா, காற்றில் கரையைத் தொடுமா என்பதை உன் ப்ரோக்ராம் சொல்லாது. அதற்குப் பெரிய திரை வைத்து நிஜ பைலட்டை ஓட்டவிடும் பிரிட்ஜ் சிமுலேட்டர் வேண்டும்.

உப்புக்காற்று:
சீடு மறந்துவிட்டேன். இரண்டையும் மறுபடி ஓட்டிவிட்டு வருகிறேன்.