வயிறு உப்புசம், கடமுடா சத்தம்: சாப்பாட்டில் எதை மாற்றுவது?

கெடிலக்கரை:
திருப்பாதிரிப்புலியூரில் இருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன், வயது 34. கொஞ்ச மாதமாகவே மதியம் சாப்பிட்டதும் வயிறு உப்ப ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் பேன்ட் இடுப்பு இறுகிவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சத்தம்தான் மானத்தை வாங்குகிறது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்கும் காலை மீட்டிங்கில் கடமுடா என்று கிளம்பினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பியே பார்க்கிறார். காலையில் வெறும் டீயோடு பஸ் ஏறுகிறேன். மதியம் வீட்டுச் சாம்பார் சாதமோ காரக்குழம்போ, சாயங்காலம் சுண்டல், ராத்திரி சப்பாத்தி. கேஸ்தான் என்று சொல்லி அம்மா படுக்கும் முன் பூண்டுப்பால் காய்ச்சித் தருகிறார், மறுநாள் இன்னும் மோசம். எடை குறையவில்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. மாத்திரைக்குப் போவதற்கு முன் சாப்பாட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

உப்பனாறு:
தம்பியோ தங்கச்சியோ, முதலில் சுண்டலைப் பார். கடைச் சுண்டலை எவ்வளவு நேரம் ஊறவைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் முதுநகர் வீட்டில் மொச்சையோ கொண்டைக்கடலையோ ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றித்தான் வேகவைப்போம். ‘சத்து போய்விடும்’ என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு மொச்சைக் குழம்பு சாப்பிட்டால் ராத்திரி தூக்கம் கிடையாது. அப்புறம் தாளிப்பில் பெருங்காயம், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஓமத்தண்ணீர். பன்னீர் சோடா குடித்தால் ஏப்பம் வந்து சுகமாக இருக்கிறது என்பார்கள், உள்ளே காற்றை ஊற்றிவிட்டு வெளியே வருகிறதே என்று சந்தோஷப்படுகிற கதை அது. டிபன்பாக்ஸைப் பத்து நிமிடத்தில் காலி பண்ணுகிற ஆளாக இருந்தால் அதையும் மாற்று, சோற்றோடு காற்றையும் சேர்த்துத்தான் விழுங்குவாய்.

நெல்லித்தோப்பு:
உணவியல் படித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை இல்லை, இரண்டு. காலை மீட்டிங்கில் வருகிற சத்தத்துக்குக் கேஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வயிறு காலியாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையும் சிறுகுடலும் தாமாகவே சுருங்கி மிச்சம் மீதியைக் கீழே தள்ளும். உள்ளே சோறு இல்லாமல் நீரும் காற்றும் மட்டும் இருப்பதால் வெளியே கேட்கிறது. இது நோய் இல்லை. சாப்பிட்டால் அந்தச் சுருக்கம் நின்றுவிடும், அதனால் பஸ் ஏறும் முன் இரண்டு இட்லி போதும்.

மதியத்துக்குப் பிந்தைய உப்புசம் வேறு. சில மாவுச்சத்துகளைச் சிறுகுடலால் உறிஞ்ச முடியாது, அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்க, அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துக் காற்றாக்கிவிடும். இவற்றுக்கு ஃபோட்மேப் என்று பெயர், மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில்தான் இதை வைத்து ஓர் உணவுமுறையே உருவாக்கினார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற ஒன்று இருக்கிறது, பருப்பு பயறுகளில் இன்னொரு வகை, பாலில் லாக்டோஸ். நம் ஊர்ப் பெரியவர்களில் நிறைய பேருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. இப்போது அம்மாவின் பூண்டுப்பாலை எண்ணிப் பாருங்கள். ஃப்ரக்டானும் லாக்டோஸும் ஒரே டம்ளரில், அதுவும் சப்பாத்தி சாப்பிட்ட மேலே. கேஸுக்கு மருந்து என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம், சிலருக்கு ஒத்துக்கொள்ளவும் செய்கிறது, உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் வயிறே சொல்லிவிட்டது. முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் போதாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் கிடைக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம். பயறு ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொன்னதும் இதே காரணம்தான், உப்பனாறு அண்ணன் சொன்னது சரி. அரிசி அநேகமாக முழுசாகவே செரித்துவிடும், அதைக் குறைத்துக்கொண்டு சப்பாத்திக்கு மாறியதுதான் பலருக்கு வினை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலருக்கு மோர் தொல்லை தராது.

எல்லாவற்றையும் காலத்துக்கும் விலக்காதீர்கள். இரண்டில் இருந்து ஆறு வாரம் விலக்கிப் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது படுத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நல்ல நார்ச்சத்தும் போய்விடும்.

பெரிய மார்க்கெட்:
ஒரு குறுக்கீடு. கோதுமையை நிறுத்துவதற்கு முன், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நிறுத்திய பிறகு செய்தால் முடிவு தப்பாக வரலாம். சீலியாக் என்று வந்துவிட்டால் கடைக் கூட்டுப் பெருங்காயத்தையும் பார்த்து வாங்க வேண்டும், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்புறம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் உப்புசம், இதில் எது இருந்தாலும் சாப்பாட்டு ஆராய்ச்சி வேண்டாம், நேரே டாக்டரிடம் போய்விடுங்கள். ஜிப்மரில் இரைப்பை குடல் மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. ஐம்பது தாண்டிய பெண்கள் என்றால் ‘வெறும் கேஸ்தான்’ என்று தள்ளவே கூடாது, சினைப்பைப் பிரச்சினைகூட இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பூண்டுப்பாலை நிறுத்தியாகிவிட்டது, அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், சீரகத்தண்ணீர் போட்டுத் தரச் சொல்லிச் சமாளித்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுப் போனால் மீட்டிங்கில் சத்தம் இல்லை. மதிய உப்புசம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், பண்ருட்டியில் மாமா வீடு, அங்கிருந்து வரும் முந்திரி ஆபீஸ் டிராயரில் எப்போதும் இருக்கும், வேலை பார்த்துக்கொண்டே கொறிப்பேன். அது ஒன்றும் செய்யாது அல்லவா?

நெல்லித்தோப்பு:
செய்யும்! பருப்பு பயறில் இருக்கும் அதே வகைச் சர்க்கரை முந்திரியிலும் நிறைய இருக்கிறது, விலக்க வேண்டிய பட்டியலில் முதல் வரிசையில் வரும். கொறிக்காமல் இருக்க முடியாது என்றால் வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளுங்கள், அது அவ்வளவாகப் படுத்தாது.

உப்பனாறு:
அந்த முந்திரியை வீணாக்க வேண்டாம், முகவரி தருகிறேன்.