கிணற்றுத் தண்ணீரும் கருநீலக் காரும்: யாழ்ப்பாணத்து மூவர் வீட்டில் பொலிஷ் போட்ட அனுபவங்கள்

கோண்டாவிலில் இருந்து

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, ஆசையோடு புதிய காரின் விலையை விசாரிக்கப் போய் வாயடைத்துத் திரும்பிய பின்னேரம்தான், முற்றத்து வேம்பின் கீழே நின்ற எங்கள் கருநீல டொயோட்டா அக்சியோ காரை நான் ஒழுங்காகப் பார்த்தேன். பொனற்றிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் இருந்தன. வெயில் சரிந்து விழும் பக்கத்தில் சிலந்தி வலை விரித்தாற்போல மெல்லிய கீறல்கள் தெரிந்தன. கார் பழசாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அவற்றில் முக்கால்வாசி என் கையால் வந்தவை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

வட்டங்களைத் தந்தது எங்கள் கிணறு. சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அறியக் கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தாலே போதும். நானோ ஞாயிறு பத்து மணி வெயிலில் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவி, தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுவேன். ஒவ்வொரு துளியும் வற்றும்போது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு வட்டமாகப் படிந்துவிடும். வெள்ளை வினாகிரியையும் சுத்தமான நீரையும் சம அளவாகக் கலந்து, துணியை அதில் நனைத்து, நிழலில் குளிர்ந்திருந்த பொனற்றின் ஒரு மூலையில் ஒரு நிமிடம் வைத்து, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். புதிதாகப் படிந்தவை போய்விட்டன. நாட்பட்டவை பெயின்ற்றையே அரித்து இறங்கியிருந்தபடியால் அவற்றின் விளிம்புகள் மங்கலாக மிஞ்சின.

கீறல்களுக்குக் காரணம் செம்மண் தூசியும் ஒரு பழைய சாரத் துண்டும். வேலைக்குப் புறப்படுமுன் காய்ந்த தூசியை அந்தச் சாரத்தால் துடைப்பதை நான் பராமரிப்பு என்றே நினைத்திருந்தேன்; மண்ணை வைத்துத் தேய்த்திருக்கிறேன். இப்போது இரண்டு வாளி வைத்துக்கொள்கிறேன். ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைக் கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்பூவில் தோய்க்கிறேன். முடிந்ததும் அந்த இரண்டாவது வாளியின் அடியில் சிவப்பாக மண் படிந்திருப்பதை முதல் நாள் பார்த்தபோது சாரத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

பொலிஷும் மெழுகும் ஒன்றென்றே கடைக்குப் போகும்வரை எண்ணியிருந்தேன். பொலிஷ் மேற்பரப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது, மெழுகு அதன் மேலே பூசுவது. இக்காலக் கார்களின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன் தடிப்பே கொண்டது, அதாவது நம் தலைமயிரைவிட மெல்லியது. பொலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து கொஞ்சம் குறைகிறது. ஆகவே வீரியம் கூடிய ரப்பிங் கொம்பவுண்டை வைத்துவிட்டு, ஆக மென்மையான பொலிஷை எடுத்துவந்தேன். கழுவிய காரின் மேல் கையைப் பொலித்தீன் பைக்குள் விட்டுத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். அதை எடுக்கும் களிக்கட்டியை நுரைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தபோது, முதலில் பிடித்து இழுத்தது; பிறகு சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போனது. அதன்பின்பே பொலிஷ். வெறுங்கையால் போட்டதில் மெல்லிய கீறல்கள் மங்கின. ஆழமானவை அப்படியே நிற்கின்றன, நிற்கட்டும்.

மெழுகில் ஒரு பிழை விட்டேன். கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுகிறது. பனை என்றதும் சொந்தக்காரனைக் கண்டதுபோலத் தாராளமாக அள்ளிப் பூசினேன். தடிப்பாகப் பூசினால் கூடுதலாகப் பாதுகாக்காது, துடைக்கும் தோள்தான் நோகும். கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரில் பட்டது வெள்ளையாகக் காய்ந்துபோக, பழைய பற்தூரிகையோடு ஒரு பின்னேரம் முழுவதும் குந்தியிருந்தேன்.

சுன்னாகத்தில் இருந்து

நிறமற்ற பூச்சுப் பற்றிய மேற்படி கணக்கு இக்காலக் கார்களுக்கே பொருந்தும். என்னிடம் இருப்பது பெரியப்பா விட்டுச்சென்ற பச்சை மொறிஸ் மைனர். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. துடைப்பதும் அவர் மண்ணெண்ணெயால்தான். அன்று மினுங்கும், மறுநாள் அந்த எண்ணெய்ப் பசையில் ஒழுங்கையின் தூசியெல்லாம் ஒட்டியிருக்கும்.

முதன்முதலாகப் பொலிஷ் போட்டபோது துணி பச்சையாக மாறியதைக் கண்டு, காரைக் கெடுத்துவிட்டேன் என்று கை நடுங்கி நிறுத்தினேன். அந்தக் காலத்துப் பெயின்ற்றுக்கு மேலே தனிப்பூச்சு கிடையாது, வெயிலில் சுண்ணாம்புபோல வெளிறிய மேற்பரப்புத்தான் துணியில் வருகிறது என்று பக்கத்துக் கராஜ்காரர் சொன்னார். அந்தத் தைரியத்தில் அளவு மீறிவிட்டேன். பொனற்றின் நடுவே ஓடும் மேட்டில் பெயின்ற் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். அங்கே இரண்டு அங்குல நீளத்துக்கு அடிப்பூச்சு எட்டிப் பார்த்துவிட்டது. இப்போது மேடுகளுக்கும் விளிம்புகளுக்கும் கடதாசி ரேப் ஒட்டிய பின்னரே துணியைத் தொடுகிறேன்.

காரைநகரில் இருந்து

தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வருபவன் நான். பின்னேரம் முன்கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்தால் உப்பு. அதை நான் துடைப்பதில்லை, தண்ணீரால் அடித்துக் கழுவுகிறேன். சில்லுகளுக்கு மேலேயும் காரின் அடியிலும் கழுவுவதுதான் முக்கியம். மெழுகு பூசிவிட்டால் துரு வராது என்று நம்பியிருந்தேன். கல் தெறித்துத் தகரம் தெரிந்த ஒரு புள்ளியில், மெழுகு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே துரு தொடங்கியது. இப்போது அத்தகைய புள்ளிகளைக் கண்டவுடன் சிறு தூரிகையால் பெயின்ற் தொட்டு மூடுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர் வட்டத்துக்கு நான் கண்ட வழி, கடைசி வாளியை மட்டும் மழைத் தண்ணீராக வைத்துக்கொள்வது. மாரியில் முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு போனபின், பீலியால் வருவதைப் பரலில் பிடித்து மூடிவைக்கிறேன். அதில் சுண்ணாம்பு இல்லாதபடியால் வட்டம் விழுவதில்லை. இந்த மாரிக்கு இரண்டாவது பரலும் வாங்கியாயிற்று. தலை முழுக அந்தத் தண்ணீர்தான் நல்லது என்று வீட்டில் இப்போதே பங்கு கேட்கிறார்கள்.