"உள்ளேன் ஐயா"வும் கிளாட் ரெய்ன்ஸும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். 'உ'வில் தொடங்கும் சொல் என்றால் கேட்கவே வேண்டாம். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வராது, கையை மட்டும் தூக்குவேன். வாயைத் திறந்து சொன்னால்தான் கணக்கு என்று ஓர் ஆசிரியர் தொடர்ந்து மூன்று நாள் ஆப்சென்ட் போட்டார். முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரி விடுதியில் இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய 'தி இன்விசிபிள் மேன்' (1933) படம் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு, மேலே கறுப்புக் கண்ணாடி. படம் முடியப்போகும்போதுதான் நாயகனின் முகத்தைக் காட்டுகிறார்கள். அதுவரை குரல் ஒன்றை வைத்தே மிரட்டிவிடுகிறார் மனிதர். யார் இவர் என்று தேடிப் படித்தபோது ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். சிறுவயதில் அவருக்கும் திக்குவாய்.

கிளாட் ரெய்ன்ஸ் 1889இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பேச்சில் தெருக்கொச்சை. 'ர' வேறு வராது. சொந்தப் பெயரையே ஒழுங்காகச் சொல்ல முடியாத பையன். அவனுக்கு நாடக அரங்கில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி, மேடைக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுவது. ஒவ்வொரு கதவு முன்னாலும் அவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அரங்கை நடத்திய ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ கைக்காசு போட்டு அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கி ஒரு கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போனது. கேப்டனாகத் திரும்பி வந்தவர், பிறகு லண்டன் ராயல் நாடக அகாடமியில் ஆசிரியர் ஆனார். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரை, ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

எனக்குப் பெரியது 'காசாபிளாங்கா'வின் (1942) விமான நிலையக் காட்சி. ஜெர்மன் மேஜர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுட்டவர் பக்கத்திலேயே நிற்கிறார். போலீஸ்காரர்கள் ஓடி வருகிறார்கள். அவர்களின் அதிகாரி கேப்டன் ரெனோவாக வரும் ரெய்ன்ஸ், "மேஜரைச் சுட்டுவிட்டார்கள்" என்று சொல்லி நிறுத்துகிறார். சுட்டவரைப் பார்க்கிறார். பிறகுதான், "வழக்கமான சந்தேகப் பேர்வழிகளைப் பிடியுங்கள்" என்கிறார். அந்த இடைவெளியில் ஓர் உயிர் ஊசலாடுகிறது. சொல் வராமல் நிற்கும் நொடியைப் போல எனக்கு அவமானம் வேறில்லை. அதே மௌனத்தை இவர் எவ்வளவு நிதானமாகக் கையில் வைத்திருக்கிறார்! நேர்காணலுக்குப் போகும் முன்பெல்லாம் இந்தக் காட்சியைப் போட்டுப் பார்ப்பேன்.

அக்கா பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் திக்கும். போன மாதம் அவனோடு உட்கார்ந்து இந்தப் படம் பார்த்தேன். ரெய்ன்ஸ் நிறுத்திய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அவருக்கும் சி... சிக்கிக்கிச்சா?"

"இல்லடா. என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும். எப்ப சொல்லணும்னு பாக்கறாரு."

ரிமோட்டை வாங்கி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டான்.