குரூப் 4: உட்கார்ந்தால் படித்துவிடுகிறேன், உட்காருவதுதான் நடக்கமாட்டேன் என்கிறது

நொய்யல்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு வந்து சேர ஏழரை மணி ஆகிவிடும். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுத வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்கள் அத்தனையும் வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். படிப்பு பிடிக்காதவள் இல்லை, உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கொஞ்ச நேரம் போன் பார்த்து என்று பத்தரை ஆகிவிடுகிறது. சரி, காலையில் நாலு மணிக்கு எழுந்து படிக்கலாம் என்று அலாரம் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன், காலையில் அதை அணைத்துவிட்டு மறுபடியும் தூக்கம்.

டைம்டேபிள் போட்டும் பார்த்தாயிற்று. ஒரு நாள் தவறினால் மொத்தமும் தள்ளிப்போகிறது, அப்புறம் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஒருமுறைகூட நான் கடைசி நாளுக்கு இழுத்ததில்லை, அங்கே வராத சோம்பல் இங்கே மட்டும் எப்படி வருகிறது? வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள், எப்படி ஆரம்பித்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தாலுகாஆபீஸ்காரன்:

தங்கச்சி, நான் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் பில் போட்டுக்கொண்டே படித்தவன், இப்போது இளநிலை உதவியாளர். அந்த ஜிஎஸ்டி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விடை அதில்தான் இருக்கிறது. விற்பனை விவரம் கொடுக்கிற ஜிஎஸ்டிஆர்-1 படிவம் பதினொன்றாம் தேதி, வரி கட்டுகிற 3பி படிவம் இருபதாம் தேதி என்று உங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், உட்கார்ந்ததும் கை எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். டேலி கணக்கு மென்பொருளைத் திறந்து, விற்பனை பில் எண்கள் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில் ஆரம்பிக்கிறீர்கள், அதற்கு யோசனையே வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டில் "குரூப் 4-க்குப் படி" என்றால் எந்தப் புத்தகம், எந்தப் பாடம், குறிப்பு எடுப்பதா வேண்டாமா, எல்லாவற்றையும் களைத்துப்போன மண்டை அந்த நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். அது செய்யாது, போனைத்தான் எடுக்கும்.

அதனால் முடிவு எடுப்பதையும் படிப்பதையும் பிரித்துவிடுங்கள். நாளைக்கு என்ன என்பதை இன்று படித்து முடித்த கையோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். "ஏழாம் வகுப்பு தமிழ், இரண்டாம் இயல், முதல் பக்கம்" என்கிற அளவுக்கு. புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள், அந்தப் பக்கத்தைத் திறந்து, பேனாவை மேலே வைத்து, சாப்பிட்டுவிட்டு நீங்கள் எங்கே உட்காருவீர்களோ அங்கேயே வைத்துவிடுங்கள். அலமாரியிலிருந்து எடுப்பது ஒரு வேலையா என்று தோன்றும். அந்த நாலு அடிதான் நிறையப் பேரைத் தடுக்கிறது.

தமிழில் ஆரம்பியுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 200 கேள்வியில் 100 தமிழ், 300 மதிப்பெண்ணில் 150 அதற்குத்தான். அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பிரித்து எழுதுக, எதிர்ச்சொல் எல்லாம் அரைத்தூக்கத்திலும் செய்யக்கூடியவை. களைத்து வந்த நாளில் பழைய வினாத்தாளை எடுத்து அதில் ஐந்து கேள்விக்கு மட்டும் விடை போடுங்கள், போதும் என்றால் மூடிவிடுங்கள். பம்புசெட்டில் முதலில் ஒரு குடம் ஊற்றினால்தான் தண்ணீரை இழுக்கும், அந்த ஐந்து கேள்வி அந்தக் குடம். பெரும்பாலான நாட்களில் நீங்கள் மூடமாட்டீர்கள்.

மதுரைமல்லி:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், உளவியல் படித்தவள் என்பதால். நொய்யல்பெண், அம்மா சொல்வதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஃபுஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவதை நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத குறையாகப் பார்க்காமல், மனநிலையைக் கையாள்கிற விஷயமாகப் பார்க்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்ததும் "இவ்வளவும் எப்போது முடிப்பேன், முடிக்காவிட்டால் என்ன ஆகும்" என்று ஒரு கலக்கம் வருகிறது, நாளைக்கு என்று சொன்னதும் அந்தக் கலக்கம் உடனே அடங்குகிறது, அந்த நிம்மதிக்காகத்தான் மனம் மறுபடி மறுபடி தள்ளுகிறது. அப்படியானால் உங்களைத் திட்டிக்கொள்வது கலக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். வேலையைச் சின்னதாக்கினால் பயமும் சின்னதாகிறது, ஐந்து கேள்விக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

இன்னொன்று, எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. 1997-இல் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும் எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில் எழுதுவீர்கள் என்று முன்பே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சொன்ன நேரத்துக்குள் எழுதினார்கள், மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். விடுமுறை நாளில், வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருக்கும்போது இந்த வித்தியாசம் வந்திருக்கிறது.

உங்களுக்கு "எட்டு மணிக்கு" என்று வைக்காதீர்கள், பஸ் தாமதமானால் அது உடைந்துவிடும். "கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்ததும் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்காருவேன்" என்று வையுங்கள். பாத்திரம் கழுவாத நாள் இல்லையே. போன் வருவதற்கு முன்னால் புத்தகம் வந்துவிடும்.

பவானிகுமார்:

எல்லாம் சரி, ஆனால் போனைப் பற்றி யாரும் கறாராகச் சொல்லவில்லை. ஐந்து கேள்வி, ஒரு பக்கம் என்று எவ்வளவு சின்னதாக்கினாலும் போன் கையில் இருந்தால் அது அதைவிடச் சின்னது, எடுத்துத் தேய்த்தால் போதும். அதனால் படிப்பைச் சுலபமாக்கினால் மட்டும் பத்தாது, போனைக் கஷ்டமாக்க வேண்டும். வேறு அறையில் சார்ஜில் போடுங்கள், அம்மாவிடம் கொடுத்தாலும் நல்லது.

டெலிகிராம் குழுக்களிலிருந்தும் வெளியே வாருங்கள். தினமும் பிடிஎஃப் இறக்கி இறக்கி வைப்பது படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடுகிறது, அது வெறும் சேகரிப்பு. "டாப்பர் நோட்ஸ்" தேடுகிற நேரத்தில் ஒரு பாடம் முடியும். அந்த நாலு மணி அலாரத்தையும் எடுத்துவிடுங்கள், அது இருக்கிற வரைக்கும் ராத்திரி படிக்காமல் படுப்பதற்கு மனசு ஒரு சாக்கு வைத்திருக்கும்.

சுதா_சேலம்:

அலாரம் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எடுத்த பிறகுதான் நான் ராத்திரியில் புத்தகத்தைத் தொட்டேன்.

நொய்யல்பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஜிஎஸ்டி பற்றி அண்ணா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்றே சீட்டு எழுதிப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன், அக்கா சொன்ன மாதிரி பாத்திரம் கவிழ்த்ததும் உட்கார்ந்தேன், ஒரு இயல் முடிந்தது. தமிழ் ஓடிவிடும் என்று நம்பிக்கை வருகிறது. பயம் கணிதத்தில்தான். 25 கேள்வி, விடவும் மனசில்லை. ஆபீசில் வரவு செலவு போடுகிறேன், ஆனால் "ஏ ஒரு வேலையை 12 நாளில், பி 15 நாளில்" என்று பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறேன். இங்கே ஐந்து கணக்கு என்றாலும் பெரிதாகத் தெரிகிறது. இதற்கு எது சின்ன ஆரம்பம்?

தாலுகாஆபீஸ்காரன்:

கணக்கைப் போடுவதில் ஆரம்பிக்காதீர்கள், போட்ட கணக்கைப் பார்த்து எழுதுவதில் ஆரம்பியுங்கள். புத்தகத்தில் எடுத்துக்காட்டுக் கணக்கு விடையோடு இருக்கும், ஒன்றே ஒன்றை வரி வரியாக நோட்டில் எழுதுங்கள், புரியாத வரியில் ஒரு கோடு போட்டு அடுத்ததுக்குப் போங்கள். மறுநாள் அதே கணக்கை விடையை மூடி வைத்து எழுதிப் பாருங்கள், மாட்டினால் திறந்து பார்க்கலாம், தப்பில்லை. மூன்றாவது முறை எண்ணை மட்டும் மாற்றுங்கள். 12 நாள், 15 நாள் என்றால் ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கும் பதினைந்தில் ஒரு பங்கும் முடியும், இரண்டையும் கூட்டினால் அறுபதில் ஒன்பது, தலைகீழாகத் திருப்பினால் ஆறே முக்கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அவ்வளவுதான் அந்த வகை.

வரிசையும் மாற்றுங்கள். எல்லோரும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று தொடங்குகிறார்கள். நீங்கள் சதவீதத்திலும் தனிவட்டியிலும் தொடங்குங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது தினசரி வேலை. நேரம், வேலை கணக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கணிதம், வேலை நாளில் இரவு தமிழ் என்று பிரித்துவிட்டால் களைப்போடு கணிதத்தின் முன்னால் உட்கார வேண்டிய நிலையே வராது. இன்றைய சீட்டில் எட்டாம் வகுப்பு கணிதம், சதவீதம், முதல் எடுத்துக்காட்டு என்று எழுதி ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். எந்த வரியில் கோடு போட்டீர்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.