போர்வெல் தண்ணில துணி டயப்பர் சரிப்படுமா?

பென்னாகரம் பக்கம் இருக்கோம், பாப்பா பொறந்து 20 நாளாச்சு. பாக்கெட் டயப்பர் (உள்ள பேட் சொருகுற மாதிரி பை வச்ச துணி டயப்பர்) வாங்கலாமா இல்ல அம்மா சொல்ற மாதிரி பழைய வேட்டிய கிழிச்சு கட்டிக்கலாமா? எங்க போர்வெல் உப்புத் தண்ணி, துவைச்சா துணி வெறச்சுப் போகுது.

பதில் 1: அம்மா பேச்ச கேளுங்க சிஸ்டர். இப்போ ஒரு நாளைக்கு 10 தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போகும், வேட்டித் துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். பாக்கெட் மாடல்லாம் 4, 5 கிலோ வந்தப்புறம்தான் தொடையில சரியா நிக்கும், அதுக்கு முன்னாடி ஒழுகத்தான் செய்யும்.

பதில் 2: ஓசூர்ல நான் ஒரே தடவையா 12 வாங்கி மாட்டிக்கிட்டேன், மார்கழில உள்ள வைக்கிற பேட் ரெண்டு நாளானாலும் காயல. நீங்க முதல்ல ரெண்டு மட்டும் வாங்கிப் பாருங்க. மைக்ரோஃபைபர் பேட நேரா தோல்மேல வைக்காதீங்க, ஈரத்த இழுத்து தோல் வறண்டுடும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணிய மெதுவாக்குற எதுவும் ஊத்தாதீங்க, துணி உறிஞ்சவே உறிஞ்சாது.

பதில் 3: உப்புத் தண்ணிக்கு சோப்பு வேணாம், படிஞ்சுக்கும். பவுடர் போட்டு, கடைசி அலசல் மட்டும் குழாய்ல ஒகேனக்கல் காவிரித் தண்ணி வர்ற அன்னிக்கு புடிச்சு வச்சதுல பண்ணுங்க.

கேட்டவர்: சரிக்கா, அப்பாவோட வேட்டிக்கு இன்னிக்கே கத்தரிதான் 😄