அம்மா தனியாக மெல்போர்ன் செல்கிறார்: மலிவான புதிய விமானமா, விலை கூடிய பழைய நிறுவனமா?

கேள்வி (திருச்சி)

வணக்கம். மெல்போர்னில் இருக்கும் என் தங்கைக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். 67 வயதான எங்கள் அம்மா, துணை யாருமின்றி, முதன்முறையாக வெளிநாடு செல்ல இருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் நீண்ட தூரம் நடக்க முடியாது. ஆங்கிலம் படிப்பார், பேசத் தயங்குவார்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து மெல்போர்னுக்கு நாங்கள் இதுவரை பெயரே கேள்விப்படாத வேறொரு நிறுவனத்திலும் செல்வது. முன்பதிவுத் தளம் ஒன்று இவ்விரண்டையும் இணைத்து, போக வர 46,000 ரூபாய் என்று காட்டுகிறது. இடையில் 3 மணி 10 நிமிடம் இருக்கிறது. இரண்டாவது, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பல்லாண்டுகளாகப் பறக்கும் நிறுவனம் ஒன்றில் 79,000 ரூபாய். 33,000 ரூபாய் வித்தியாசம் எங்களுக்குச் சிறிய தொகை அன்று. புதிய நிறுவனம் பாதுகாப்பானதுதானா என்பதை எப்படி அறிவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பயணச்சீட்டு முகவர், திருச்சி)

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது பாதுகாப்பைப் பற்றி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் பயணத்தில் நான் அஞ்சுவது அதை அல்ல.

கட்டணம் குறைவு என்பதால் விமானம் பாதுகாப்பற்றது என்று ஆகிவிடாது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர், 1985 முதல் பறந்தும் பயணிகள் உயிரிழந்த விபத்து எதையும் சந்தித்ததில்லை. பெயர் தெரியாத நிறுவனத்தைச் சோதிக்க, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்தும் ஐ.ஓ.எஸ்.ஏ. என்ற பாதுகாப்புத் தணிக்கையின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அச்சங்கத்தில் உறுப்பினராக இருக்க இந்தத் தணிக்கையில் தேறியிருப்பது கட்டாயம். பதிவேட்டில் பெயர் இல்லாததாலேயே ஒரு நிறுவனத்தை மோசமானது என்று சொல்லிவிட முடியாது; இருந்தால் ஒரு கவலை குறையும். அடுத்து, தன் வான்வெளியில் பறக்கக் கூடாத நிறுவனங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிட்டு வரும் தடைப் பட்டியலைப் பாருங்கள். 2007-இல் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தும் அதில் சேர்க்கப்பட்டு, படிப்படியாக நீக்கப்பட்டு, 2018-இல்தான் அந்நாடு முழுமையாக வெளியே வந்தது. அமெரிக்க விமானத் துறையின் தரவரிசையும் உண்டு. ஆனால் அது நாட்டின் கண்காணிப்பு அமைப்பை அளப்பதே தவிர, தனித்தனி நிறுவனத்தை அன்று. 2014 ஜனவரியில் இந்தியாவே இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டு, 2015 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது.

இனி என் அச்சத்தைச் சொல்கிறேன். அந்த 46,000 ரூபாய் ஒரே பயணச்சீட்டா, இரண்டு பயணச்சீட்டுகளா? தளத்தில் ஒரு பி.என்.ஆர். எண் வருகிறதா, இரண்டு வருகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனாலும் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன் ஐயா. இரண்டு எண்கள் வருகின்றன. “பயணி தாமே மாறிக்கொள்ள வேண்டும்” என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இறங்குவது முனையம் 1, ஏறுவது முனையம் 2. இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை.

மறுமொழி 2 (தஞ்சாவூர்)

தம்பி, இதே கோலாலம்பூரில் இதே முறையில் நானும் என் கணவரும் அவதிப்பட்டோம் என்பதால் எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர் வேண்டாம்.

எங்களுக்கு இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. முதல் விமானம் 2 மணி 40 நிமிடம் தாமதமாக இறங்கியது. பயணச்சீட்டு தனித்தனி என்பதால் பெட்டிகள் தாமாக அடுத்த விமானத்துக்குப் போகவில்லை. குடியேற்ற வரிசையில் நின்று, நாட்டுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ரயிலில் அடுத்த முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ரயில் பயணம் என்னவோ மூன்று நிமிடம்தான். வரிசைகள்தான் எங்கள் நேரத்தை விழுங்கின. கோலாலம்பூரில் இறக்கிவிட்டதோடு தங்கள் கடமை முடிந்தது என்றது முதல் நிறுவனம். நாங்கள் வராதவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டதாக இரண்டாவது நிறுவனம் சொன்னது. புதிதாக இரண்டு பயணச்சீட்டுகள் வாங்க 58,000 ரூபாய் ஆனது. 19 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இருவர் இருந்ததால் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். உங்கள் அம்மா தனியாக இருப்பார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் இந்தியர்களுக்கு விசா விலக்கு உண்டு. ஆனாலும் இப்படி வெளியே வந்து மாறுகிறவர், மலேசியாவின் மின் வருகை அட்டையை, அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். இதையும் அந்தத் தளம் எங்களுக்குச் சொல்லவில்லை.

மறுமொழி 3 (மெல்போர்ன்)

விலை வித்தியாசத்தை நீங்கள் இன்னும் சரியாகக் கணக்கிடவில்லை என்று தோன்றுகிறது. பிரசவத்துக்குப் போகும் அம்மா 7 கிலோ கைப்பையோடு வர மாட்டார். நான்கு விமானங்களுக்கும் பெட்டிக்கும், உணவுக்கும், கால் நீட்ட வசதியான இருக்கைக்கும் தனித்தனியாகக் கட்டணம் சேர்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். சக்கர நாற்காலிக்கு எந்த நிறுவனமானாலும் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி, அது பயணச்சீட்டில் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரே பயணச்சீட்டு என்றால், சிங்கப்பூரில் ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயில் வரை அவரை ஊழியரே அழைத்துச் செல்வார். தனித்தனிச் சீட்டுகளில் அந்த உதவி நடுவழியில் முடிந்துவிடும்.

இன்னொன்று, ஒரு நிறுவனத்திடம் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்பது. வாரத்துக்கு நான்கு முறை மட்டுமே பறக்கும் நிறுவனத்தின் விமானம் ஒன்று பழுதானால், மாற்று விமானம் இல்லாமல் இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். நாள்தோறும் பல முறை பறக்கும் நிறுவனம் அடுத்த விமானத்தில் இடம் தரும். பிற நிறுவனங்களோடு உடன்பாடு இருந்தால் அவற்றிலும் ஏற்றிவிடும். விலையில் இருக்கும் வித்தியாசத்துக்கு நீங்கள் பெறுவது பெரும்பாலும் இதைத்தான். விமானங்களைக் கண்காணிக்கும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணைத் தேடினால், கடந்த சில நாள்களில் அது எவ்வளவு தாமதமாகக் கிளம்பியது என்பதைப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

சேர்த்துப் பார்த்தேன். பெட்டி, உணவு, இருக்கை எல்லாமாக 17,000 ரூபாய் கூடி, 63,000 ஆகிறது. வித்தியாசம் 16,000 ரூபாய்தான். சென்னை வரை நான் கூடப் போய்வரும் செலவைச் சேர்த்தாலும் 19,000-ஐத் தாண்டாது. பழைய நிறுவனம் என்றால் பணத்துக்கு முழு உத்தரவாதம் உண்டா?

மறுமொழி 1 (பயணச்சீட்டு முகவர், திருச்சி)

பழைய பெயர் மட்டும் உத்தரவாதம் ஆகாது தம்பி. கால் நூற்றாண்டு பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவோடு நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத் தொடக்கத்தில் நின்றபோதும், முன்பதிவு செய்திருந்தவர்கள் திவால் நடவடிக்கையில் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே, கடன் அட்டையில் பணம் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு. பயணக் காப்பீடு எடுத்தால், நிறுவனம் திவாலானால் ஈடு உண்டா என்ற பிரிவைப் படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் இருக்காது.

பெட்டி விஷயத்தில் பழையவர், புதியவர் என்ற வேறுபாடு இல்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், தொலைந்த பெட்டிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை எந்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். சேதமென்றால் 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதைத் தங்கையிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒரே பயணச்சீட்டாக எடுத்துவிட்டேன்; சக்கர நாற்காலி அதில் பதிவாகியிருப்பதைத் தொலைபேசியிலும் உறுதி செய்துகொண்டேன். குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக அவர் சென்றடைவார். குழந்தையைப் பார்க்க இரண்டு மாதம் கழித்து நான் தனியாகச் செல்லும்போது அந்தப் புதிய நிறுவனத்தையே எடுக்க எண்ணியிருக்கிறேன். தணிக்கைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறது. என்னால் ஓடவும் முடியும், கோலாலம்பூரில் ஓர் இரவு தங்கவும் முடியும். முதல் நாள் மாலை அங்கே இறங்கி மறுநாள் காலை ஏறும்படி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.