சிப்செட்: ‘சில்லுத்தொகுதி’ இன்னும் பொருந்துமா?

வணக்கம்.

மதர்போர்டு, சிப்செட் இவற்றுக்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்ற பேச்சுக்கு என் பதில் இது. மதர்போர்டைத் ‘தாய்ப்பலகை’ என்பதில் எனக்குப் பிணக்கு இல்லை. ‘மூலப்பலகை’ என்று மாற்றலாம் என்றவருக்கு ஒன்றுதான் சொல்வேன்: அதன்மேல் செருகும் சிறு பலகையைச் சேய்ப்பலகை என்று சொல்லிவிடலாம். மூலத்தை வைத்துக்கொண்டு அதற்கு என்ன செய்வது?

எனக்கு உறுத்துவது சிப்செட்டுக்கான சில்லுத்தொகுதி. செயலியையும் பலகையின் மற்ற உறுப்புகளையும் இணைக்கும் சில்லுகள்தாம் சிப்செட். பரணில் கிடந்த பெண்டியம் 4 காலத்துப் பலகை ஒன்றை நேற்று இறக்கிப் பார்த்தேன். அதன் சிப்செட் இன்டெல் 865. செயலிக்குப் பக்கத்தில் அலுமினியத் தகட்டுக்கு அடியில் ஒரு சில்லு, கீழே துணை அட்டைகளைச் செருகும் பிசிஐ செருகுவாய்களுக்கு அருகில் இன்னொன்று. முதலாவது வடபாலம் (நார்த்பிரிட்ஜ்): நினைவகமும் வரைகலை அட்டையும் அதன் பொறுப்பு. அடுத்தது தென்பாலம் (சவுத்பிரிட்ஜ்): வன்வட்டு, யூஎஸ்பி, ஒலி. இரண்டும் சேர்ந்து தொகுதி. பெயர் அன்றைக்குச் சரிதான்.

அப்புறம் வடபாலத்தின் வேலைகள் ஒவ்வொன்றாகச் செயலிக்குள் குடிபோயின. நினைவகக் கட்டுப்பாட்டை ஏஎம்டி நிறுவனம் 2003இல் தன் அத்லான் 64 செயலிக்குள்ளும், இன்டெல் 2008இல் தன் முதல் கோர் ஐ7 செயலிக்குள்ளும் வைத்தன. 2009இல் வந்த இன்டெல் பி55 (P55) சிப்செட்டில் மிஞ்சியது ஒரே சில்லு. ஒன்றைப் போய்த் தொகுதி என்பானேன்?

போன மாதம் அக்கா மகன் கணினி சேர்க்கும்போது, “மாமா, ஐ5 13400க்கு இசட்790 போர்டு எடுக்கவா?” என்றான். முன்னது இன்டெல் செயலி, பின்னது சிப்செட்டின் பெயர். வேண்டாம், அந்தச் செயலியின் வேகப்பெருக்கி (மல்டிப்ளையர்) பூட்டியது, செயலியைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் இசட் வரிசையின் ஓவர்கிளாக் வசதி அதற்கு வீண், பி760 (B760) எடு, மிஞ்சும் காசை எஸ்எஸ்டியில் போடு என்றேன். இன்னொரு வேறுபாடும் உண்டு. செயலியிலிருந்து இந்தச் சில்லுக்கு வரும் தரவுத் தடங்கள் இசட்790இல் 8, பி760இல் 4. செயலியோடு நேரே சேராத எஸ்எஸ்டி, சாட்டா (வன்வட்டு இணைப்பு), யூஎஸ்பி எல்லாம் அந்தத் தடங்களைத்தான் பங்குபோட வேண்டும்.

இதை அவனுக்கு விளக்கும்போதுதான் வாயில் தானாக வந்தது: மடை. வாய்க்காலில் வருகிற தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடுவதும், எதைத் திறப்பது எதை அடைப்பது என்பதும் மடையில்தானே. ஆகவே ‘மடைச்சில்லு’ என்று முன்வைக்கிறேன். இன்னொருவர் சொன்ன ‘இணைப்புச்சில்லு’ என்ற யோசனையும் நல்லதுதான், ஆனால் பலகையில் உள்ள பிணைய (நெட்வொர்க்) சில்லும் இணைப்புச்சில்லுதானே? ஏஎம்டியின் எக்ஸ்670 சிப்செட்டில் மறுபடி இரண்டு சில்லுகள் வருகின்றன. அதை இரட்டை மடை என்றால் போயிற்று.

மடையன் என்று கேலி வரும். வரட்டும். யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சைக்கிள் சக்கரம் என்று நண்பர் நினைவூட்டினார். உண்மைதான், ஆனால் தாய்ப்பலகைக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கிற யாரும் சைக்கிளைத் தேடமாட்டார்கள்.

கடையில் நானும் சிப்செட் என்றுதான் கேட்பேன். கட்டுரையில் எழுதத்தான் இந்தச் சொல். மொபைல்காரர்கள் சிப்செட் என்பது செயலியும் உள்ளடங்கிய முழுச் சில்லை. அதற்கு மடை ஒத்துவராது, தனியாகப் பேசுவோம்.